வகுப்பு நடுவே வந்த தண்ணீர்

பிரேசர் டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துகொண்டே, இன்டர்நெட் வழியாக உலக சுகாதாரத்தில் முதுகலைப் பட்டம் படித்தேன். டெலிபோன் ஒயரில் தவழ்ந்து வரும் இன்டர்நெட் அது. முகம் தெரியாது, குரல் கேட்காது. வாத்தியார் டைப் அடிப்பார், நாங்களும் டைப் அடிப்போம்.

அன்று சாயங்காலம் நடந்த பாடம், தண்ணீரும் நோயும். புத்தகத்தில் இருந்ததை அழகாக எடுத்து எழுதிக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டு அம்மா குரல் கொடுத்தார்.

"சிஸ்டர், காவேரித் தண்ணி வந்துடுச்சு, சீக்கிரம் வாங்க!"

எங்கள் தெருவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும். "தண்ணீர் வந்துவிட்டது, போகிறேன்" என்று தட்டிவிட்டுக் குடத்தோடு ஓடினேன். என் கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உலக நடப்பெல்லாம் அவருக்கு அத்துப்படி. தண்ணீர் வந்த சத்தம் மட்டும் காதில் விழாது.

ஈரக் கையோடு திரும்பினால், திரையில் ஒரே அமர்க்களம். "எங்கிருந்து வந்தது?" என்று கூடப் படிக்கும் நார்வேக்காரர் கேட்டிருந்தார். "முதலில் பெரிய டிரம்மை நிரப்பு" என்றிருந்தாள் கென்யாக்காரி. அதற்குக் கீழே வாத்தியாரின் கேள்வி: "உங்கள் வீட்டில் தண்ணீர் பிடிப்பது யார்?" நான், என் அம்மா, என் தங்கை என்று பதில்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. ஓர் ஆண்கூட இல்லை.

"என்னம்மா சிரிக்கிறே?" என்றார் கணவர். எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். அவர் பேப்பருக்குள் போய்விட்டார்.

அடுத்த வகுப்பிலும் பாதியில் கீழ்வீட்டுக் குரல் வந்தது. நான் எழுந்தேன்.

"நீ உக்காந்து டைப் அடி" என்று குடத்தை எடுத்துக்கொண்டு அவர் இறங்கினார். உலக சுகாதாரம் முன்னேறும் என்ற நம்பிக்கை, படிக்கட்டில் கேட்ட அந்தச் செருப்புச் சத்தத்தில்தான் எனக்கு வந்தது.