நுனிநாக்கு தொடாத ரகரம்

துவைத்த படுக்கை விரிப்பின் இரண்டு மூலைகளைப் பிடித்தபடி அவர் பாதியில் நின்றுவிட்டார். மறுமுனையில் மகள். இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

“இழுங்கப்பா.”

“அந்த ‘ழ’வை இன்னொரு தடவை சொல்லு. நாக்கு மேல தொடல. வளைஞ்சு அப்படியே நிக்குது. என்ன அழகு!”

“விரிப்பு தரையில புரளுதுப்பா!”

ஓய்வு பெறும்வரை கல்லூரியில் ஒலியியல் நடத்தியவர். யார் என்ன சொன்னாலும் காதில் ஏறாது. வாயில் எங்கிருந்து சொன்னார்கள் என்பது மட்டும் ஏறும். இதழிலா, பல்லிலா, அண்ணத்திலா? குரல் அதிர்கிறதா என்று பார்க்கக் காய்க்காரரின் தொண்டையிலேயே விரல் வைத்திருக்கிறார். “சார், காய் வாங்க வந்தீங்களா, கழுத்தை நெரிக்க வந்தீங்களா?” என்று காய்க்காரர் கத்தியதும், “இப்ப நல்லா அதிருது” என்றார்.

வீட்டில் ஒரு சண்டைகூட ஒழுங்காகப் போட முடியாது. மகளின் அம்மா ஒருமுறை “மாட்டேன்” என்று கத்த, எட்டி மூக்கைப் பிடித்தார். “பாட்டேட்” என்று வந்தது. “பாத்தியா? மூக்கு வழியா காத்து போகலைன்னா உன் பிடிவாதமே போச்சு.” அம்மா அந்த வாரம் முழுக்கப் பேசவில்லை. அதை அவர் கவனித்தாரோ என்னவோ.

மகள் கட்டடப் பொறியாளர். விரிசலைக் கண்டால் வேலையை நிறுத்திவிடுகிறவள். விரிப்பை மடித்து முடித்ததும் அவர் சொன்ன “அலமாரில வை” குழறியது. வாயோரம் கோணியிருந்தது.

“அப்பா, வாய் கோணுது. கெளம்புங்க ஆஸ்பத்திரிக்கு.”

வேறு யாரானாலும் வெலவெலத்துப் போயிருப்பார்கள். இவருக்கு முகம் மலர்ந்தது. “அலமாரி… கேட்டியா? ர-வுக்கு நுனிநாக்கு தட்டவே இல்ல. வெறுமனே உரசுது. அதுவும் என் வாயிலயே!”

“அது பக்கவாதம்ப்பா!”

“இருக்கட்டும்டி. சரியாயிட்டா மறுபடி கிடைக்குமா? போனை எடு, பதிவு பண்ணு.”

அவள் டாக்சிக்குத்தான் போனை எடுத்தாள். வண்டி வந்தது. கையைப் பிடித்து இழுத்தாள், உதறினார். அந்த டாக்சியில் அவர் ஏறவே இல்லை.

வாசலில் ஓட்டுநர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அப்பா கண்ணாடி முன்னால் வாயை ஆவென்று பிளந்து, டார்ச்சை உள்ளே அடித்தபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு விரலை உயர்த்தினார்: ஒரு நிமிஷம்.