தும்மப் பயந்த அப்பா

அப்பாவின் இதயக் குழாயில் அடைப்பு என்று ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். கம்பி வலையால் ஆன சின்னக் குழாய் அது. அப்பா அதை ஸ்பிரிங் என்றார். ஸ்பிரிங் என்றால் துள்ளி வெளியே வந்துவிடுமே! அந்தப் பயத்தில் குனியமாட்டார், வாய்விட்டுச் சிரிக்கமாட்டார். வட்டவளையில் அவர் ஓட்டிய ஆட்டோ, எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குப் பக்கத்தில் படங்கு போர்த்திக் கிடந்தது. ஒருநாள் பலமாகத் தும்மிவிட்டு, கட்டிலுக்கடியில் ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாராம். கொழுந்து பறித்துக் களைத்து வந்த அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "ஒங்க பழைய செருப்புதான் கெடக்கு" என்றாராம்.

அம்மா இதைப் போனில் சொன்னபோது நான் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் இருந்தேன். வேடிக்கை என்னவென்றால், என் ஆராய்ச்சியே இதைப் பற்றியதுதான். உடலுக்குள் வைக்கும் பொருட்களின் மேற்பரப்பு வழவழப்பாகவோ வரிவரியாகவோ இருந்தால், இரத்தக் குழாயின் கலங்கள், அதாவது செல்கள், அதன்மேல் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்ப்பது. வீட்டில் அதுவரை யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. நான் கண்ணாடியில் பூச்சி பார்ப்பதாக அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தார்.

அந்த வாரமே வீட்டுக்குப் போய், போனில் இரண்டு படங்களைக் காட்டினேன். வழவழப்பான தட்டில் கலங்கள் திசைக்கொன்றாகக் கிடந்தன. மிக நுண்ணிய வரிகள் கீறிய தட்டில், அதே கலங்கள் வரியோடு வரியாக நீண்டு படுத்திருந்தன.

"இதுகளுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார் அப்பா.

"யாரும் இல்லப்பா. கீழ இருக்கறதத் தொட்டுப் பாத்து அதுகளா திரும்பிக்கும்."

"அதுகளாச்சும் ஒழுங்கா நிக்குதே" என்றார் அம்மா, அப்பாவைப் பார்த்து.

அவருடைய ஸ்டென்டில் அப்படி வரிகள் உண்டா என்று எனக்குத் தெரியாது. அதையும் சொன்னேன். ஆனால் அது குழாய்ச் சுவரோடு இறுகி இருக்கிறது, தும்மினால் கழலாது. அவருடைய கலங்களே மெல்ல மெல்ல ஏறி அதை மூடிவிடும். இரத்தம் அதில் உறையாமல் இருக்கத்தான் மாத்திரை என்று விளக்கினேன். அப்பா வெகுநேரம் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்ப உள்ளுக்கு வேல நடந்துகிட்டுத்தான் இருக்கு" என்றார்.

மறுநாள் லயம் முழுக்க அதுதான் பேச்சு. காலையில் ஆட்கள் கூடிப் பேர் கொடுக்கும் பெரட்டு, அப்பாவின் நெஞ்சுக்குள்ளும் நடப்பதாகச் செய்தி பரவியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா வந்து, பௌர்ணமி போயா நாளில் அதுகளுக்கு லீவு உண்டா என்று என்னிடம் அக்கறையாகக் கேட்டார். கிடையாது என்றேன். அப்பாவுக்கு அதில் தனிப் பெருமை.

ஓட்டலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அன்று பின்னேரம் அப்பா படங்கை உருவி, ஆட்டோவைத் துடைத்து, என்னை ஸ்டேசனில் கொண்டுபோய் விட்டார்.

அடுத்த கிளினிக்கில் இந்தக் கதை முழுவதையும் அவர் டாக்டருக்குச் சிங்களத்தில் எடுத்துச் சொன்னாராம். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தேத்தண்ணிக்குச் சீனியைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்த அப்பா சீனிப் போத்தலை விடாமல் பிடித்துக்கொண்டு, "நம்ம புள்ள இதுக்கும் ஒரு வழி கண்டுபுடிக்கும்" என்றாராம்.