சாமந்திக்கு இருட்டு வேண்டும்

இத்தனை வருஷம் பரணில் கிடந்த கோணிப்பையை இன்று கீழே இறக்கினேன். வாயின் இரண்டு மூலையிலும் கட்டுக்கம்பி கோத்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் சதுரமாக வெட்டியிருக்கும். ஊரைக் கேட்டால் கிறுக்கன் செய்த வேலை என்பார்கள். செய்தவர் என் அக்காவின் வீட்டுக்காரர், எனக்குப் பாவா.

திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டை போகும் வழியில் அவருக்கு முக்கால் ஏக்கர் கழனி. வருஷம் தவறாமல் மஞ்சள் சாமந்திதான். ஆனியில் அக்கா தன் கையால் நாற்று நடுவாள். புரட்டாசியில் பொழுது சுருங்கியதும் மொக்கு வைக்கும். மார்கழியில் கழனியே மஞ்சளாகிவிடும். டிசம்பர் கடைசி நாளில் திருத்தணி முருகன் மலையில் படிபூஜை. முதல் கூடையைச் சுமந்துபோய் அங்கே படிகளில் போட்ட பிறகுதான் பாவா மார்க்கெட் பக்கம் போவார்.

ஒரு வருஷம் பஞ்சாயத்துக்காரர்கள் கழனி மூலையில் தெருவோரமாகக் கம்பம் நட்டு, கண் கூசுகிற எல்.இ.டி. விளக்கு ஒன்றை மாட்டினார்கள். ஒரே ஒரு விளக்கு. அதற்கு ரிப்பன் வெட்டு, பொன்னாடை, மைக் செட்டு, போட்டோ! பாதித் தெருவையும் முக்கால்வாசிக் கழனியையும் அது விடிய விடியப் பகலாக்கியது. ஐப்பசி பிறந்தும் செடிகள் கொழுத்து வளர்ந்தனவே தவிர ஒரு மொக்கு இல்லை. அக்கம்பக்கத்தில் வாய் சும்மா இருக்குமா? வரப்போரத்துப் புற்றை இடித்த பாவம் என்றார்கள். "புள்ள பெறாத கை நட்டா பூ எங்க பூக்கும்" என்று ஒருத்தி அக்காவின் காதுபடவே சொன்னாள். அந்த வாயில் கொள்ளிக்கட்டையை வைத்தால்தான் என்ன! அதற்கப்புறம் அக்கா கழனிப் பக்கம் வருவதையே விட்டுவிட்டாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பள்ளிக்கூடத்தில் தாவரவியல் எடுக்கிறவள் நான். சாமந்திக்கு நீண்ட, இடைவிடாத இருட்டு வேண்டும். ராத்திரியில் வெளிச்சம் பட்டால் மொக்கு வைக்காமல் இலையாகவே விட்டுக்கொண்டிருக்கும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டு, ஐந்து மதிப்பெண் கேள்வியாகவும் கேட்கிறவள். அப்பேர்ப்பட்ட மகராசி, "மண்ணை டெஸ்டுக்குக் குடுத்துப் பாருங்க பாவா" என்று யோசனை சொன்னேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்?

கண்டுபிடித்தவர் பாவாதான். ஒரு சாயங்காலம் என்னை வரப்பில் நிறுத்தி மோட்டார் கொட்டகையைக் காட்டினார். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் அதன் நிழல் விழுகிற இடத்தில் மட்டும், அளவெடுத்து வெட்டியதுபோல ஒரு பட்டை மஞ்சள். மற்ற இடமெல்லாம் வெறும் பச்சை.

"பாரும்மா, கொட்டாய் நிழல்ல இருக்கிறது மட்டும் பூத்துகினு இருக்குது. அதையும் உங்கக்காதான நட்டா? கை ராசி இல்லன்னா அங்க மட்டும் எப்படிப் பூக்கும்? செடிக்கு ராத்திரி வேணும்மா. இந்த லைட்டு தூங்க வுட மாட்டேங்குது."

இதை முதலில் சொல்லியிருக்க வேண்டியவள் நான்தானே?

மனு எழுதிக் கொடுத்தேன். விளக்கை எடுக்கச் சொல்லவில்லை. மில்லிலிருந்து இருட்டியபின் திரும்புகிற பெண்களுக்கு அது வேண்டும் என்று பாவாவே சொன்னார். கழனிப் பக்கம் ஒரு தகரத் தடுப்பு, அவ்வளவுதான் கேட்டோம். பஞ்சாயத்து ஆபீசில் அதைப் படித்தவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் காட்டிச் சிரித்தார்.

"ஊரே லைட்டு வேணும்னு அலையுது, நீ இருட்டு வேணும்னு வந்துகினு இருக்கிறியே. பூவுக்கு இன்னாய்யா ராத்திரி, பகலு?"

"தெருவுக்குத்தானேங்க லைட்டு? என் கழனிக்கு எதுக்குங்க?" என்று பாவா கேட்டார். அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். மூன்றாம் தடவை போனபோது மனுவே காணோம் என்றார்கள்.

அப்புறம்தான் இந்தக் கோணிப்பை. தெருவுக்கு வெளிச்சம் விழ ஒரு பக்கத்தை வெட்டிவிட்டு, பட்டப்பகலில் ஏணி போட்டு ஏறி, கழனிப் பக்கத்தை மூடிக் கட்டினார். மறுநாளே புகார். அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்திவிட்டாராம்! ஸ்டேஷனில் சாயங்காலம்வரை நிற்கவைத்து, மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு, கோணியை அவர் மேலேயே விட்டெறிந்தார்கள்.

படிபூஜை அன்று கொட்டகை நிழலில் பூத்ததை மட்டும் பறித்தார். கூடையின் அடிகூட மறையவில்லை. அதை அக்காவின் இடுப்பில் வைத்து, தெரு முழுக்க அவளை முன்னால் நடக்கவிட்டார். "நீ நட்ட பூ. நீயே போடு" என்றார்.

இரண்டு வருஷம் கழித்து மாரடைப்பில் போய்விட்டார். விளக்குதான் கொன்றது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஆபீஸ் சிரிப்பைக் கடைசிவரை அவர் மறக்கவில்லை.

இந்த ஆனியில் அக்கா மறுபடி சாமந்தி நட்டிருக்கிறாள். இப்போது புரட்டாசி பிறந்துவிட்டது. பாடப்புத்தகத்தின் அந்தப் பக்கத்தையே ஜெராக்ஸ் எடுத்து இணைத்துப் புதிதாக மனு போட்டிருந்தேன். நேற்று செல்போனில் பதில் வந்தது: "தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது. விளக்கு நன்றாக எரிகிறது."

கோணியின் தூசியை உதறிவிட்டுத் துருப்பிடித்த கம்பியை மாற்றிவிட்டேன். நாளை ஞாயிற்றுக்கிழமை, எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. ஏணியை அக்கா பிடித்துக்கொள்வாள். ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் போவேன். எழுதிக் கொடு என்றால் அந்த ஐந்து மதிப்பெண் விடையை, படம் வரைந்து பாகங்களைக் குறித்து, எழுதிக் கொடுப்பேன்.