ஹியரிங் நல்லாத்தான் இருக்கு

என் கணவருக்குக் காது மந்தமாகிவிட்டது என்று முடிவுகட்டி, இன்று காலை ராஜபாளையத்தில் ஒரு காது டாக்டரிடம் அழைத்துப்போனேன். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எதைச் சொன்னாலும் பதில் வராது.

பரிசோதனை முடிந்ததும் டாக்டரம்மா சிரித்தார்.

"ஹியரிங் நல்லாத்தான் இருக்கும்மா. லிசனிங்தான் குறைச்சல். அதுக்கு எங்கிட்ட மெஷின் கிடையாது."

"ரெண்டும் கேக்குறதுதான டாக்டர்?"

"காதுல விழுந்தா ஹியர். காது குடுத்தா லிசன்."

திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஒரே எரிச்சல். இத்தனை நாள் தொண்டை கிழியக் கத்தியது அம்புட்டும் இவர் காதில் விழுந்திருக்கிறது! ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், வீட்டுப் பக்கம் நடக்காமல் வத்திராயிருப்பு பஸ்ஸில் ஏறினார்.

"எங்க போறீய?"

"பிளவக்கல் டேமுக்கு. தண்ணி நிறைஞ்சு கெடக்காம், பாக்கணும்னு நீதான போன வாரம் சொன்ன?"

சொன்னேன்தான். அடுப்படியில், மிக்ஸி ஓடும்போது, எனக்கு நானே.

இப்போது அணைக்கரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தண்ணீர் தளும்பி நிற்கிறது. அவர் பக்கத்தில் கடலை கொறித்துக்கொண்டிருக்கிறார்.

எல்லாவற்றையும் கேட்டு, மனசிலும் வைத்துக்கொண்டு, வாயை மட்டும் திறக்காத ஆளுக்கு இங்கிலீஷில் என்ன வார்த்தை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தமிழில் என் வாய்க்கு வருவதை இங்கே எழுத முடியாது.