நூறோடு நிறுத்திய வகுத்தல்

அன்று ஏன் நூறோடு நிறுத்தினேன்?

மகள் ஆறாம் வகுப்பு. பள்ளியில் ஒரே ஒரு கணக்குக் கொடுத்திருந்தார்கள். 1000001 பகு எண்ணா, பகா எண்ணா? சரியாகச் சொல்பவளைக் கணக்குப் போட்டிக்கு அனுப்புவார்களாம். அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். திருவொற்றியூரில் எங்கள் வரிசை வீடுகளில் அது பெரிய படிப்பு. சனிக்கிழமை காலையிலேயே இருவரும் சிலேட்டோடு உட்கார்ந்துவிட்டோம்.

புத்தக அட்டவணையில் தொண்ணூற்றேழு வரை இருபத்தைந்து பகா எண்கள். ஒவ்வொன்றாக வகுத்தோம். எதுவும் தீர வகுக்கவில்லை. தொண்ணூற்றேழுக்கு மிச்சம் இருபத்தெட்டு.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, காலீலேர்ந்து மிச்சம் மிச்சம்னுகினு கீறீங்க ரெண்டு பேரும்? சங்கு ஊதுற நேரமாச்சு. வூட்டுக்காரருக்கு மிச்சத்தையா வடிச்சிக் கொட்டப் போற?"

உலையே வைக்கவில்லை. இரண்டு மணிக்குத் தொழிற்சாலைச் சங்கு ஊதினால் அவர் பசியோடு வந்துவிடுவார். பதறி எழுந்தேன்.

"அம்மா, நூத்தியொண்ணு மட்டும் பாத்துடலாம்மா."

"புக்குலயே நூறோட முடிஞ்சிடுச்சு. பகா எண்ணுன்னு எழுது, போ."

சிலேட்டைப் பிடுங்கி நானே துடைத்தேன்.

திங்கட்கிழமை வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை. என் முன்னால் நூற்றொன்றால் வகுத்துக் காட்டினாள். ஈவு 9901. மிச்சம் பூஜ்யம்.

"யாரு சொன்னதுன்னு டீச்சர் கேட்டாங்க. எங்கம்மான்னேன். கிளாஸே சிரிச்சிது."

போட்டிக்கு வேறொருத்தி போகிறாள்.

ஆயிரத்தின் வர்க்கம் பத்து லட்சம். ஆகவே ஆயிரம் வரையுள்ள பகா எண்களைச் சோதிக்க வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல, பள்ளியில் படித்ததுதான். தெரிந்தும் அடுத்த ஒரே எண்ணைப் பார்க்க விடவில்லை. சோறு அன்று நேரத்துக்கு வெந்தது. அவர் சாப்பிட்டுத் தூங்கினார். திங்களன்று விஷயத்தைச் சொன்னபோது, "ஒரு நம்பரு தப்பாச்சுன்னா கப்பலா கவுந்துச்சு? வுட்டுத் தள்ளு" என்றார்.

அதன்பின் அவள் என்னிடம் கணக்குக் கேட்பதில்லை. நான் அருகில் போனால் நோட்டின் மேல் கையை வைத்து மூடிக்கொள்கிறாள்.

நேற்று அவள் பள்ளியில் இருக்கும்போது நான் தனியாக 9901-ஐச் சோதித்தேன். நூற்றின் வர்க்கம் பத்தாயிரம் என்பதால் இதற்கு அந்த அட்டவணையே போதும். அந்த இருபத்தைந்து எண்களாலும் வகுத்தேன். பகா எண்தான். நூறோடு நிறுத்தலாம் என்பது இதற்குத்தான் சரி. அதைச் சொல்லக்கூட அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

பள்ளிக்குப் போய், தவறு என்னுடையது, அவள் நூற்றொன்றைப் பார்க்கத்தான் கேட்டாள் என்று ஆசிரியையிடம் சொல்லட்டுமா? சொன்னால் வகுப்பு இன்னொரு முறை சிரிக்குமோ? பிள்ளை பெற்றவர்கள் யாராவது சொல்லுங்கள். அந்தக் கையை நோட்டிலிருந்து எடுக்கவைக்க நான் என்ன செய்யவேண்டும்?