ஒரு தட்டு, ரெண்டு தட்டு

எண்ணூர் சாலையில் துறைமுகத்துக்குள் போகக் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். காலையில் நின்ற வண்டி மாலை வரை அங்கேயே நிற்பதும் உண்டு. அதனால் எங்கள் குப்பத்து ஆட்களுக்கு அது வண்டியே இல்லை, சுவர். அதன் நிழலில் உட்கார்ந்து கதை பேசுவார்கள். இரண்டு வண்டிக்கு நடுவே உள்ள இடைவெளிக்குச் 'சந்து' என்று பெயர் வைத்து, அதில் புகுந்து சாலையைக் கடப்பார்கள். மீன் கூடையோடு முதலில் புகுகிறவள் என் மனைவி. நானோ அந்த லாரிகளில் ஒன்றை ஓட்டுகிறவன். வாய்த்த பொருத்தம் அப்படி.

சந்தில் போகாதே என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். எங்கள் தெருக்காரர் ஒருவர் அப்படிப் போய்த்தான் செத்தார். முன்வண்டி நகர்ந்ததும், வேறு யாரும் இடையில் நுழைந்துவிடக் கூடாதே என்று பின்வண்டிக்காரர் சட்டென்று எடுத்தார். அவ்வளவுதான். விதி என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விதியாவது மண்ணாவது. முன்பெல்லாம் வண்டிக்கு ஒரு கிளீனர் இருந்தார். கீழே நின்று பார்த்து, ஆள் இருந்தால் கதவில் ஒரு தட்டு, போகலாம் என்றால் ரெண்டு தட்டு. வீண் செலவு என்று முதலாளிகள் கிளீனர்களை நிறுத்திவிட்டார்கள். ஓட்டுகிறவன் உட்காரும் உயரத்திலிருந்து கீழே நடப்பது தெரியாது.

என் மனைவி இதற்கெல்லாம் மசியவில்லை. "நிக்கிற வண்டி இன்னா பண்ணிடப் போவுது?" என்பாள். ஒருநாள் வரிசையில் எஞ்சினை அணைத்துவிட்டு அவளை என் சீட்டில் ஏற்றி உட்காரவைத்தேன். நான் இறங்கிப்போய், கூடைக்காரிகள் போவதுபோல் சற்றுக் குனிந்து பம்பரை ஒட்டி நடந்தேன். திரும்பி வந்தபோது அவள் முகம் வெளிறியிருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"நீ போனதே எனுக்குத் தெர்லய்யா," என்றாள். "அப்போ இத்தினி நாளா நீ இன்னாத்தப் பாத்து வண்டிய எட்த்த?"



அதற்கு வழியும் அவளே செய்தாள். கூடைக்காரிகள் எல்லோருக்கும் கிளீனர் பாஷையைக் கற்றுக்கொடுத்தாள். கதவில் ஒரு தட்டு. டிரைவர் தலையாட்டிய பிறகே சந்தில் நுழைய வேண்டும். கடந்ததும் ரெண்டு தட்டு. நான் வரிசையில் நின்ற டிரைவர்களிடம் சொன்னேன். சிலர் கிண்டல் செய்தார்கள். ஆனால் தட்டினால் நின்றார்கள்.

போன மழையில் ஒரு காலை, என் கதவில் ஒரு தட்டு விழுந்தது. அவள்தான். தலையாட்டினேன். முன்வண்டி நகர்ந்து வழி திறந்தது. ரெண்டு தட்டு வரவில்லை. பின்னால் ஹார்ன் காதைப் பிளந்தது, என் தாயைக்கூட இழுத்துத் திட்டினார்கள். அசையவில்லை. ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கி ஓடினேன்.

என் பம்பருக்குக் கீழே குந்தி உட்கார்ந்து, சேற்றில் கொட்டிய நெத்திலியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வழுக்கி விழுந்ததில் முழங்கையில் ரத்தம்.

"இன்னாத்துக்கு எறங்கி வந்த? நான்தான் இன்னும் ரெண்டு தட்டு தட்டலயே," என்றாள். "தட்டாம நீ எடுக்க மாட்டன்னுதான் மெதுவா பொறுக்கிகினு கீறேன்."

பக்கத்தில் குந்தி நானும் நெத்திலி பொறுக்கினேன்.