மழைக்கும் உளுந்துக்கும் பொருத்தம்

இன்று கழுகுமலை பஸ்ஸில் மடியில் லேப்டாப்பை வைத்து, ஆய்வுக்கான படம் போட்டுக்கொண்டிருந்தேன். மழை, மண் ஈரம், உரம், உளுந்து மகசூல் நான்கையும் இரண்டிரண்டாக ஒப்பிட்டு, நாலுக்கு நாலு கட்டங்களில் புள்ளிகளாகக் காட்டும் படம்.

பக்கத்து சீட் அக்கா எட்டிப் பார்த்தார்.

"யாருக்கும்மா ஜாதகம் பாக்குதீங்க?"

"மழைக்கும் உளுந்துக்கும்க்கா."

சிரிப்பார் என்று நினைத்தேன். அவரோ படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பொருந்துதா?"

"பொருந்துதுக்கா. மழை கூடக்கூட புள்ளி மேல ஏறுது பாருங்க."

"இங்கன கீழ ஒண்ணு தனியா கெடக்கே?"

"அது ஒரு புஞ்சை. நல்ல மழை பெஞ்சும் வெளச்சல் இல்லன்னு இருக்கு. தப்பாப் பதிஞ்சிருப்பாங்க, எடுத்துருவேன்."

அக்கா அந்தப் புள்ளியை விரலால் தொட்டார்.

"யாரு புஞ்சையோ, பாவம். அவியளும் நம்மள மாதிரி வெதச்சவியதான. இருந்துட்டுப் போகட்டும்மா, எடுக்காதீங்க."

இறங்கும்போதும் அந்தக் கட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போனார்.

புள்ளி இன்னும் அங்கேயே இருக்கிறது. ஏன் நீக்கவில்லை என்று என் ஆய்வு கைடு கேட்டால், "பஸ்ஸில் ஒரு அக்கா வேண்டாம்னாங்க" என்று எழுதலாமா? புள்ளியியல் படித்தவர்கள் சொல்லுங்கள்.